ஓடுகிற ஆற்றில் மதகு மாற்றுவது: நாளைய இணையம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஜூன் மாதம். நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர் டீக்கடை. மேட்டூர் அணை திறப்பதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் எட்டுப் பேர், எட்டுப் பேர் கையிலும் போன். ஏழு போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. என் போனில் தண்ணீரில் பூத்தூவப் போன கை அந்தரத்தில் அப்படியே உறைந்து நின்றது. பக்கத்தில் இருந்த சித்தப்பா (எனக்கு உறவில்லை, ஊருக்கே அவர் சித்தப்பா) டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்ப்பா, எட்டுப் பேரும் ஒரே படத்தத்தான பாக்குறோம்? ஒருத்தனுக்கு வந்தத மத்தவனும் பாத்துக்கக் கூடாதா? எதுக்கு எட்டுப் பேருக்கும் தனித்தனியா அங்கேருந்து வரணும்?"

நான் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். "இதே கேள்வியத்தான் சித்தப்பா, பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்க இருபது வருசமா கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றேன். அவர் நம்பவில்லை. பதில் தெரியாமல் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இங்கே உட்கார்ந்து சாவகாசமாக எழுதுகிறேன்.

முதலில் இன்றைய இணையம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். எங்கள் பக்கம் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு. கல்லணையில் பிரிந்து வருகிற வெண்ணாறு அங்கே வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று மூன்றாகப் போகும். எந்தப் பக்கம் எவ்வளவு என்பது அங்கிருக்கிற மதகுகளின் கையில். அதற்குக் கீழே கிளை வாய்க்கால், அதற்கொரு மதகு, அப்புறம் கன்னி வாய்க்கால், கடைசியில் கடைமடை வயல். இணையத்தில் ரவுட்டர் என்று சொல்கிறோமே, அந்தப் பெட்டிக்கும் இதே வேலைதான். வந்ததை வாங்கி, எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ அந்தப் பக்கம் தள்ளும்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீருக்கு விலாசம் கிடையாது. இணையத்தில் ஒவ்வொரு துளிக்கும் உண்டு. படமோ பாட்டோ பேங்க் கணக்கோ, எதுவானாலும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைத்துத்தான் அனுப்புவார்கள். ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேல் போகாது. அதன் தலையில் இரண்டு எண்கள் இருக்கும்: அனுப்புகிறவர் எண், பெறுகிறவர் எண். ரவுட்டர் பெறுகிறவர் எண்ணைப் பார்த்து அடுத்த மதகுக்குத் தள்ளிவிட்டு அதை மறந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது; தெரிய வேண்டியதும் இல்லை. எட்டுப் பேருக்கும் ஒரே படம்தான் போகிறது என்பது எங்கள் ஊர் டவருக்குத் தெரியாமல் போனது இதனால்தான். அதைப் பொறுத்தவரை எட்டு விலாசம், எட்டு பார்சல்.

ஏன் இப்படி வைத்தார்கள்? அன்றைய தேவை அது. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்கு முதல் செய்தி போனது. 'லாகின்' என்று அடிக்க ஆரம்பித்தார்கள், இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. கணினி அப்போது யானை கட்டித் தீனி போடுகிற மாதிரியான சங்கதி. ஓர் ஊரில் இருக்கிற யானையை இன்னோர் ஊரிலிருந்து வேலை வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வலையே. ஆகவே 'எந்த இயந்திரம்?' என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி. 1974-ல் விண்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய டிசிபி வழிமுறையும் (பொட்டலங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பது), பிறகு அதிலிருந்து பிரித்தெடுத்த ஐபி முறையும் (விலாசம் பார்த்துத் தள்ளுவது) அந்தக் கேள்வியின் மேல் எழுந்தவைதான்.

அந்த ஐபி முறைக்கு ஒரு வடிவம் உண்டு. உடுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்வாய் அகலம்: செம்புக் கம்பி, கண்ணாடி இழை, வைஃபை, டவர் அலைவரிசை என்று எத்தனையோ. மேல்வாயும் அகலம்: வாட்ஸ்அப், யூடியூப், பணம் அனுப்புகிற செயலிகள். நடுவில் ஒடுங்கிய இடுப்பு, அதுதான் ஐபி. கீழே எதை மாற்றினாலும் மேலே இருப்பவருக்குத் தெரியாது, மேலே புதிதாக எது வந்தாலும் கீழே இருப்பவர் கவலைப்பட வேண்டாம். இணையம் இந்த அளவுக்குப் பரவியதற்குக் காரணமே இந்த இடுப்புதான். மாற்ற வேண்டும் என்று வருகிறபோது இடிப்பதும் அதே இடத்தில்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாளைய இணையம் என்றதும் பத்திரிகைகள் 5ஜி, 6ஜி வேகத்தைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றன. அது டவருக்கும் போனுக்கும் நடுவே உள்ள கடைசித் துண்டைப் பற்றிய பேச்சு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டமும் அதே வகை. இரண்டும் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாய்க்காலை அகலமாக வெட்டுவது ஒரு வேலை, யாருக்கு எந்த மதகு வழியாக எந்தக் கணக்கில் தண்ணீர் என்பதை மாற்றுவது வேறொரு வேலை. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விலாசத் தட்டுப்பாடு

பழைய விலாச முறைக்கு ஐபிவி4 என்று பெயர். அதில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். 1980-களில் அது கடல் மாதிரித் தெரிந்திருக்கும். 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசிக் கட்டுகளையும் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் அதற்குப் பிறகு வந்த போன்களெல்லாம் எப்படி ஓடுகின்றன? ஒண்டுக்குடித்தனம் மூலமாக. கும்பகோணத்தில் பழைய ஸ்டோர் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் ஒரே கதவிலக்கம், உள்ளே பத்துக் குடித்தனம். தபால் வாசலோடு வந்துவிடும். எது யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரம்மா. போன் கம்பெனிகளும் அதையே செய்தன. வெளியுலகத்துக்கு ஒரே எண், உள்ளே நூற்றுக்கணக்கான போன்கள், நடுவில் பிரித்துக் கொடுக்க ஒரு பெட்டி. இது ஓடுகிறது. ஆனால் உள்ளேயிருந்து ஒருவர் முதலில் குரல் கொடுத்தால்தான் வெளியே இருப்பவர் பதில் சொல்ல முடியும்; வெளியிலிருந்து நேராக உள் அறைக் கதவைத் தட்ட வழியில்லை. வயலில் ஒரு மோட்டாரை வைத்து, வீட்டிலிருந்தே அதை நேரடியாக இயக்கப் பார்ப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்கிற சுவர் இதுதான்.

இதற்கு மாற்றாக 1998 டிசம்பரில் வெளியானது ஐபிவி6. எத்தனை எண்கள் தெரியுமா? 340 எழுதி அதற்குப் பின்னால் 36 சைபர். சம்பா நெல்லில் மணிக்கு ஒரு விலாசம் கொடுத்தாலும் தீராது. வெளியாகிக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, இன்னும் உலகம் முழுக்க மாறி முடியவில்லை. காரணம் எளிது. பழைய முறை மட்டும் தெரிந்த கணினியும் புதிய முறை மட்டும் தெரிந்த கணினியும் நேராகப் பேசிக்கொள்ள முடியாது, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அப்படியிருக்க, எல்லோரும் பழைய முறையில் பேசும்போது நான் மட்டும் காசு செலவழித்து ஏன் முதலில் மாற வேண்டும் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் இந்தியா பரவாயில்லை. 2016-ல் புதிதாக வந்த ஜியோ தொடக்கத்திலிருந்தே ஐபிவி6-ஐப் பெருமளவில் பயன்படுத்தியது. இன்று இதில் உலகின் முன்வரிசையில் நாம் இருக்கிறோம். தாமதமாக வீடு கட்டியவனுக்குப் பழைய சுவரை இடிக்கிற செலவு இல்லை.

பெயரைச் சொல்லிக் கேட்பது

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இந்த இடத்தில் வான் ஜேக்கப்சன் என்கிற ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1986 அக்டோபரில் இணையத்துக்கு முதல்முறையாகக் கடுமையான மூச்சுத்திணறல் வந்தது. பெர்க்லியில் ஏறத்தாழ 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே, விநாடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட் போனது. பொட்டலம் தொலைந்தால் உடனே திரும்ப அனுப்பு என்பது அன்றைய விதி. நெரிசலில் தொலைகிறது, எல்லோரும் திரும்ப அனுப்புகிறார்கள், நெரிசல் இன்னும் கூடுகிறது. ஜேக்கப்சன் அதைச் சரிசெய்தார்: முதலில் கொஞ்சமாக விடு, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் கூட்டு, தொலைந்தால் சட்டென்று குறைத்துக்கொள். நம் ஊரில் தண்ணீர் குறைகிறபோது முறை வைத்து விடுகிறோமே, கிட்டத்தட்ட அந்தப் புத்தி. இன்றைக்கும் உங்கள் போன் அந்த வழியில்தான் நடக்கிறது.

பழைய இணையத்தைக் காப்பாற்றிய அதே மனிதர் 2006-ல் ஓர் உரையில், அடிப்படையையே மாற்றிப் பார்க்கலாம் என்று பேசினார். யாரும் இன்று 'அந்த இயந்திரத்தோடு பேச வேண்டும்' என்று இணையத்துக்கு வருவதில்லை. 'எனக்கு இந்தப் படம் வேண்டும், இந்தச் செய்தி வேண்டும்' என்றுதான் வருகிறார்கள். பொருள்தான் வேண்டும், இடம் யாருக்கு வேண்டும்? வயலுக்குப் பாய்கிற தண்ணீர் எந்தத் துளியாக இருந்தால் பயிருக்கு என்ன? 2010-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை எதிர்கால இணையக் கட்டமைப்புக்கென்று நான்கு ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் கொடுத்தபோது, அதில் ஒன்று இந்த யோசனையின் மேல் எழுந்தது. பெயர் என்டிஎன், அதாவது பெயரிட்ட தரவுகளின் வலை. லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லிக்ஸியா ஜாங் அதை முன்னின்று நடத்தினார்.

அது எங்கள் டீக்கடையில் இருந்திருந்தால் எப்படி நடந்திருக்கும்? என் போன் எந்த விலாசத்தையும் சொல்லாது. 'மேட்டூர், நேரலை, ஜூன் 12, துண்டு 407' என்று ஒரு பெயரை மட்டும் சொல்லிக் கேட்கும். டவரை ஒட்டியிருக்கிற ரவுட்டர் முதலில் தன் அலமாரியைப் பார்க்கும். இருந்தால் அங்கேயே எடுத்துக் கொடுத்துவிடும். இல்லையென்றால் ஒரு நோட்டில் '407-ஆம் துண்டை இவர் கேட்டிருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு மேலே கேட்டு அனுப்பும். அதற்குள் சித்தப்பாவின் போனும் அதே 407-ஐக் கேட்கிறதா? ரவுட்டர் இரண்டாவது முறை மேலே கேட்காது. அதே வரியில் சித்தப்பா பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். எட்டுப் பேர் கேட்டாலும் தஞ்சாவூர்ப் பக்கம் போவது ஒரே ஒரு கேள்வி. அங்கிருந்து ஒரு துண்டு வந்ததும் நோட்டைப் பார்த்து எட்டுப் பேருக்கும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றை அலமாரியிலும் போட்டுக்கொள்ளும். ஐந்து நிமிடம் கழித்துக் கடைக்கு வருகிறவருக்கு அதிலிருந்தே கிடைக்கும். டீ மாஸ்டர் எட்டு டீக்கு எட்டுத் தடவையா பால் காய்ச்சுகிறார்?

சரி, யார் அலமாரியிலிருந்தோ எடுத்துக் கொடுத்தால் அது அசல்தான் என்று எப்படி நம்புவது? நல்ல கேள்வி. இன்று நாம் நம்புவது கடையை: பூட்டுக் குறி போட்ட இணைப்பில் வந்தால், வந்த இடம் சரியான இடம் என்று பொருள். என்டிஎன் முறையில் நம்ப வேண்டியது மூட்டையை. சான்று விதை வாங்குகிறபோது நீல அட்டை கட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். அட்டையும் முத்திரையும் சரியாக இருந்தால், மூட்டை எந்தக் கடைத் திண்ணையில் கிடந்தது என்பது இரண்டாம் பட்சம். அதுபோல ஒவ்வொரு துண்டிலும் அதை உண்டாக்கியவரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். நடுவில் யார் கை வைத்து மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது.

கேட்கிறபோது நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் வரவில்லை? விலாசங்களை எண்களாக வைத்துக்கொண்டே இன்று உலகின் பெரிய ரவுட்டர்கள் சுமார் பத்து லட்சம் வழிகளை நினைவில் வைத்திருக்கின்றன. பெயர்களுக்கோ கணக்கே கிடையாது. ஒவ்வொரு படமும் அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு பெயர். அத்தனையையும் கண் இமைக்கிற நேரத்தில் தேடிப் பார்க்கிற பெட்டியைச் செய்வது பெரிய சவால். இன்னொன்று, நான் எதைக் கேட்டேன் என்பது நோட்டில் பெயரோடு பதிவாகிறது. மருத்துவம் பற்றி எதையோ தேடினேன் என்பது டவர்க்காரருக்குத் தெரிய வேண்டுமா? பேங்க் கணக்கு மாதிரி ஒருவருக்கு மட்டுமே ஆன விஷயத்தில் அலமாரியால் பயனும் இல்லை. இல்லாத பெயர்களாக லட்சக்கணக்கில் கேட்டு நோட்டையே நிரப்பிப் படுக்கவைக்கிற விஷமிகளும் வருவார்கள். இவை எல்லாவற்றுக்கும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள், சிலவற்றுக்கு ஓரளவு கிடைத்தும் இருக்கிறது.

ஆனால் எனக்குத் தெரிந்து உண்மையான தடை வேறு. பெரிய கம்பெனிகள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே தீர்த்துக்கொண்டுவிட்டன. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தங்கள் படங்களை இன்டர்நெட் கம்பெனிகளின் கட்டடத்துக்குள்ளேயே சொந்தப் பெட்டிகளில் நிரப்பி வைத்திருக்கின்றன. படம் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. இதை நான் போர்செட் இணையம் என்று சொல்வேன். வயலில் போர் போட்டவருக்கு ஜூன் 12-ல் அணை திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? ஆற்றுமுறைத் தண்ணீரை நம்பி நாற்றங்கால் விட்டவர்தான் வானத்தைப் பார்க்கிறார். காசுள்ளவர்களெல்லாம் போர் போட்டுக்கொண்ட ஊரில் வாய்க்கால் தூர்வாரச் சொல்லி யார் குரல் கொடுப்பார்கள்? பொது ஏற்பாடு நலிந்து போவதற்கு இந்த ஒரு காரணம் போதும். அந்தப் பெட்டிகளும்கூடக் கம்பெனியின் பெரிய நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து எங்கள் டவர் வரையுள்ள கடைசி வாய்க்காலில் அன்று எட்டு நகல்தான் ஓடியது.

சொல்லை நம்பிப் போகிற வழி

திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் எந்த வழி என்று பலகை இருக்கும். நீடாமங்கலம் வழியா, கும்பகோணம் வழியா என்று பார்த்துத்தான் ஏறுவோம். இணையத்தில் நம் பொட்டலத்துக்கு அந்த உரிமை இல்லை. போக வேண்டிய ஊர் மட்டும்தான் நாம் எழுதலாம்; எந்த வழி என்பதை நடுவில் இருக்கிற நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யும். அந்தப் பேச்சுக்குப் பெயர் பிஜிபி. 1989-ல் இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு வேளையில் கைதுடைக்கிற தாளில் எழுதிப் பிறந்தது. 'இன்னின்ன விலாசங்களுக்கு என் வழியாகப் போகலாம்' என்று ஒரு நெட்வொர்க் பக்கத்து நெட்வொர்க்கிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும். சொல்வது நிஜமா என்று சரிபார்க்கிற ஏற்பாடு அதில் கிடையாது. எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக இருந்த காலம்.

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக, அதன் விலாசங்கள் தன்னிடம் இருப்பதாக ஓர் உள் அறிவிப்பு செய்தது. அது வெளியே கசிந்துவிட்டது. அவர்கள் சொன்னது கூடுதல் துல்லியமான வழியாகத் தெரிந்ததால் உலகம் அதையே நம்பியது. யூடியூபுக்குப் போக வேண்டிய பொட்டலங்கள் பாகிஸ்தானுக்குப் போய்க் காணாமல் போயின. சரிசெய்ய ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 2021 அக்டோபர் 4 ராத்திரி வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு தவறால் அந்தக் கம்பெனி தன் வழி அறிவிப்புகளைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊரே வரைபடத்திலிருந்து அழிந்த கதை. ஆறு மணி நேரம் ஆனது.

வழி சொல்கிறவருக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டா என்று சரிபார்க்கும் சான்றிதழ் முறை இப்போது மெல்ல நடைமுறைக்கு வருகிறது. அதற்கும் மேலே ஒருபடி போவது சுவிட்சர்லாந்தின் இடிஎச் சூரிச் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பெரிக் குழுவினர் வளர்த்த சயான் என்கிற கட்டமைப்பு. அதில் அனுப்புகிறவரே வழிகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொட்டலத்தின் மேலேயே எழுதிவிடலாம், பஸ் பலகை மாதிரி. ஒரு வழி அடைபட்டால் காத்திருக்காமல் அடுத்ததற்கு மாறலாம். குறிப்பிட்ட ஒரு நாட்டு வழியாகப் போகவே கூடாது என்றும் சொல்லலாம். சுவிஸ் வங்கிகள் தங்களுக்குள் பணப் பரிமாற்றம் செய்கிற வலையில் 2021 முதல் இது நிஜமாகவே ஓடுகிறது. எதிர்கால இணையம் என்று பேசப்பட்டவற்றில் ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டி வந்தவை சிலதான். அதில் இது ஒன்று.

கஜாவுக்கு மறுநாள்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். டவர்கள் பற்றி நான் சொல்கிறேன். மின்கம்பங்கள் விழுந்தன, டவரில் இருந்த பேட்டரியும் டீசலும் தீர்ந்தன, போன்கள் செத்தன. பக்கத்துத் தெருவில் இருக்கிற அக்காவிடம் செய்தி சொல்லக்கூட போன் உதவவில்லை, ஏனென்றால் பக்கத்துத் தெருச் செய்தியும் எங்கோ இருக்கிற ஒரு கணினிக்குப் போய்த்தான் திரும்ப வர வேண்டும்.

என் மைத்துனர் என்ன செய்தார் என்றால், ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். 'திருப்பூரில் இருக்கிற மகன், இந்த நம்பர், நாங்கள் நலம், கூரை மட்டும் போய்விட்டது' என்கிற மாதிரி இருபது முப்பது வரிகள் எழுதிக்கொண்டார். பைக்கில் தஞ்சாவூர் பக்கம் போகப் போக, எங்கே சிக்னல் வந்ததோ அங்கே நின்று ஒவ்வொரு நம்பராக அடித்துச் சொன்னார். பதில்களையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டு சாயங்காலம் திரும்பினார்.

இதைத்தான் நெட்வொர்க் ஆட்கள் தாமதம் தாங்கும் வலை என்கிறார்கள். இன்றைய இணையத்தின் வழக்கமான முறைகளுக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வழி அந்த நிமிடத்திலேயே திறந்திருக்க வேண்டும். ஒரு மதகு மூடியிருந்தாலும் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். தாமதம் தாங்கும் வலையில் ஒவ்வொரு கணினியும் செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டு நகர்ந்து, அடுத்தவரைக் காணும்போது ஒப்படைக்கும். விண்ட் செர்ஃப் உள்ளிட்டோர் இதைக் கிரகங்களுக்கிடையேயான இணையத்துக்காக யோசித்தார்கள். செவ்வாய்க்கு ஒரு செய்தி போகவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும்; நடுவில் கிரகம் மறைத்துக்கொண்டால் வழியே இல்லை. நாசா 2016 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதைப் பயன்படுத்துகிறது. பூமியில் எங்கே செய்து பார்த்தார்கள் என்றால், நம் பக்கத்துக் கர்நாடகத்திலும் ஒடிசாவிலும். டாக்நெட் என்று பெயர். பஸ்ஸில் வைஃபை பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பஸ் கிராமத்தைத் தாண்டும்போது அங்கிருக்கிற கணினியின் செய்திகளை வாங்கிக்கொள்ளும், டவுனுக்குப் போனதும் இணையத்தில் விட்டுவிடும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நடந்தது. டவர்கள் பெருகியதும் மறந்துபோனோம். ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் எங்கள் ஊர் மினி பஸ்ஸைப் பார்த்து எனக்கு அந்த நினைப்பு வரும்.

செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டதே, இனி டவர் விழுந்தால் என்ன என்று கேட்கலாம். முன்பு செயற்கைக்கோள் என்றால் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது. கேள்வி போய்ப் பதில் வரவே அரை விநாடி. ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டரில் ஓடுவதால் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் ஓடுகின்றன என்பதுதான் சிக்கலும்: தலைக்கு மேல் இருப்பது சில நிமிடங்களில் கடந்துவிடும், அடுத்தது வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். மதகுகளே நகர்ந்துகொண்டிருக்கிற ஆற்றில் பாசனம் செய்கிற கதை. தட்டு ஆன்டெனாவுக்குக் கரண்டும் வேண்டும்.

பழைய அணையின் மேலேயே

இவ்வளவு யோசனைகள் இருந்தும் ஏன் ஒரே வீச்சில் மாற்றிவிடக் கூடாது? ஒருமுறை மாற்றினார்கள். 1983 ஜனவரி 1 அன்று, 1969-ல் தொடங்கிய அந்த வலை, அதாவது அர்பாநெட், முழுவதும் பழைய வழிமுறையைக் கைவிட்டு டிசிபி, ஐபிக்கு வந்தது. அப்போது அதில் இருந்தவை சில நூறு கணினிகள். அதற்குப் பிறகு அப்படி ஒரு நாள் குறிக்கவே முடியவில்லை, இனியும் முடியாது. ரயில் டிக்கெட்டும் ஆஸ்பத்திரியும் ரேஷனும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

கல்லணையை எடுத்துக்கொள்ளுங்கள். கரிகாலன் காலத்து அடித்தளத்தை யாரும் பெயர்க்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் வந்து மணல் போக வழி வைத்தார், முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் மேலணையைக் கட்டினார். அந்த மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோதும், ஆற்றை நிறுத்திவைத்துவிட்டு வேலை பார்க்க முடியவில்லை. மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைச் சமாளித்துக்கொண்டே பழையதற்கு அருகில் புதிய கதவணையைக் கட்டினார்கள். இணையத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான்.

குயிக் என்கிற வழிமுறை இதற்கு நல்ல உதாரணம். வீட்டு வைஃபையில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டே தெருவுக்கு வந்தால் இணைப்பு பாதியில் அறுந்துபோகும். போன் டவருக்கு மாறியதும் அதன் விலாசம் மாறிவிடுகிறது, பழைய டிசிபி இணைப்போ விலாசத்தோடு முடிச்சுப் போட்டது. குயிக்கில் இணைப்புக்கென்று தனி அடையாள எண் உண்டு. விலாசம் மாறினாலும் இணைப்பு தொடரலாம். கூகுள் 2012-ல் ஆரம்பித்து, 2021 மே மாதம் உலகத் தரமானது. இதைப் புத்தம் புதிதாக நடு இடுப்பின் மேல் வைத்திருந்தால், வழியில் இருக்கிற பாதுகாப்புப் பெட்டிகள் 'இது என்ன, பார்த்ததே இல்லையே' என்று தூக்கி எறிந்திருக்கும். அதனால் யுடிபி என்கிற பழைய உறைக்குள் புதுச் சரக்கை வைத்து, வழியில் யாரும் நோண்டாதபடி தலைப்பு வரிகளைக்கூடப் பெரும்பாலும் மறையாக்கி அனுப்பினார்கள். இன்று உங்கள் போனில் யூடியூப் பெரும்பாலும் இதில்தான் வருகிறது, உங்களுக்குத் தெரியாமலே. பெயர் சொல்லிக் கேட்கிற வலையும் வந்தால் இப்படித்தான், பழைய ஆற்றின் மேலேயே ஒரு தனி ஓட்டமாக வரும் என்று நினைக்கிறேன்.

அன்று டீக்கடையில் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. சித்தப்பாவின் போனை வாங்கி, செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்கிற இடத்துக்குப் போய் ஐபி விலாசத்தை மட்டும் காட்டினேன். நீங்களும் பார்க்கலாம். இரண்டு மூன்று வரி இருந்தது. ஒன்றில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு சின்ன எண்கள். மற்றதில் எண்ணும் எழுத்தும் கலந்து, முக்காற்புள்ளி போட்டுப் போட்டு, நீளமாக ஒன்று.

"இதுல எது நம்மளுது?"

"சின்னது ஒண்டுக்குடித்தனம் சித்தப்பா, நீளமா இருக்கறதுதான் உங்களுது."

"பட்டா நம்பர விட நீளமால்ல இருக்கு" என்றவர், சட்டைப்பையில் இருந்த பால் கணக்கு நோட்டை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் குறிக்க ஆரம்பித்தார். நாளைக்கே அது மாறிவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.